ஆள்காட்டியின் முட்டை கல்லின் நிறமான கதை

அந்தக் காலத்தில் மனிதனுக்கு ஒரு பேச்சு, பறவைக்கு ஒரு பேச்சு என்ற பிரிவினை கிடையாது. ஆட்டைத் தொலைத்தவன் காக்கையிடம் கேட்டால் காக்கை வழி சொல்லும். குளத்துக்கு வரும் நரி, படித்துறையில் நிற்பவளிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் தண்ணீரில் வாய் வைக்கும். சண்டைகளும் இருந்தன. ஆனால் எந்தச் சண்டையையும் பேசித் தீர்த்துக்கொள்ள முடிந்தது.

பெரிய ஆற்றுக்கு வடக்கே ஒரு செம்மண் மேடு இருந்தது. மரம் செடி அதிகமில்லாத பூமி. மழைத்தண்ணீர் ஓடி ஓடி அதை அறுத்துப் போட்டிருந்ததால், மேட்டின் மேல் நின்று பார்த்தால் ஓடையும் ஓடைக்குள் ஓடையுமாகத் தெரியும். அங்கே செம்மூக்கி என்றொரு பறவை வாழ்ந்தது. கறுத்த தலை, வெள்ளை வயிறு, நீண்ட மஞ்சள் கால்கள், மூக்கு மட்டும் பழுத்த மிளகாயாகச் சிவந்திருக்கும். சத்தமே போடாத பறவை. மெல்ல நடக்கும், மெல்லப் பேசும்.

செம்மூக்கி மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெட்டவெளியில் மண்ணைக் காலால் பறித்து, அந்தச் சின்னக் குழியில் முட்டையிடும். முட்டைகள் சுண்ணாம்பு பூசினதுபோல வெள்ளையாக இருக்கும். தூரத்திலிருந்தே பளிச்சென்று கண்ணில் படும். அதைப் பற்றி அது கவலைப்பட்டதே இல்லை. அந்தப் பக்கம் யார் வந்தாலும், "அதோ அங்கே என் முட்டை இருக்கு, கொஞ்சம் சுத்திப் போங்க" என்று சொல்லும். வந்தவர்களும் சுற்றிப் போவார்கள். நரிகூடச் சுற்றித்தான் போகும். அவ்வளவுதான் காவல்.

ஆற்றுக்குத் தெற்கே, வண்டல் மண் ஊர் ஒன்றில் பவளாயி வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் பிறந்தது கடலோரத்தில், உப்பு விளைவிக்கிற குடும்பத்தில். மருதையைக் கட்டிக்கொண்டு வந்தபிறகு அவள் கடலைப் பார்க்கவில்லை. வயல் வேலை முடிந்தால் மாட்டு வேலை, மாட்டு வேலை முடிந்தால் நாற்று வேலை. மகள் தைலிக்குக் கடல் என்றால் அம்மா வாயால் கேட்டது மட்டும்தான். சங்கைக் காதில் வைத்தால் அதற்குள் கடல் இரையும் என்று அம்மா சொல்லியிருந்தாள். அந்த ஊரில் சங்குக்கு எங்கே போவது? தைலி கொட்டாங்கச்சியைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்கவில்லை என்று வந்து சொல்வாள்.

அந்த வருஷம் அறுப்பு முடிந்ததும் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று மருதை வாக்குக் கொடுத்திருந்தான். பவளாயி துணிமணிகளை எடுத்து வைத்தாயிற்று. புறப்படுகிற சமயம் பார்த்து வண்டியின் வலத்து மாட்டுக்குக் குளம்பில் புண். கடலுக்குப் போகிற தூரத்தை அது தாங்காது. ஒரு பகல் பயணம் வேண்டுமானால் தாங்கும். மனைவியின் வாடிய முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் மருதை ஒரு யோசனை சொன்னான். கோடைமழை நன்றாகப் பெய்திருக்கிறது, ஆனாலும் ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான், வடக்கே செம்மண் மேட்டுக்குப் போய்ப் பிள்ளையை விளையாடவிட்டு, சோறு தின்றுவிட்டுப் பொழுதோடு வரலாம் என்றான்.

"கடலைக் கேட்டா மேட்டைக் காட்டுறாரு" என்று பவளாயி முணுமுணுத்தாள். ஆனாலும் புளிச்சோறு கிளறினாள், துவையல் அரைத்தாள். மருதையின் தம்பி கொளஞ்சி, யாரும் கூப்பிடாமலே வண்டியில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொண்டான்.

அந்த வண்டல் ஊரில் கல் என்பதே கிடையாது. அம்மியைக்கூட வெளியூரிலிருந்து வண்டியில் ஏற்றிவர வேண்டும். ஆகவே மேட்டில் வண்டி நின்றதும், மழை கழுவிவிட்ட ஓடைக்குள் விதவிதமாகக் கல் கிடப்பதைக் கண்டு கொளஞ்சியும் தைலியும் கத்திக்கொண்டே இறங்கி ஓடினார்கள். மருதை மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டினான். பவளாயி சோற்றுக் கலயத்தை இறக்கி வைத்துவிட்டு, சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

தைலிதான் முதலில் ஒன்றைக் கொண்டுவந்தாள். சுருண்டு சுருண்டு நடுவில் போய் முடிகிற கல். மேலே வரிவரியாக மடிப்பு. கிடாயின் கொம்பு மண்ணுக்குள் கிடந்து கல்லாகிவிட்டது என்றான் கொளஞ்சி. மருதை அதைக் கையில் வாங்காமலே எட்டிப் பார்த்தான். சுருட்டிக்கொண்டு படுத்த பாம்பு யாருடைய சாபத்தாலோ கல்லாகியிருக்கிறது, கீழே போடு என்று மகளை அதட்டினான். குழந்தை பயந்துபோய் அம்மாவைப் பார்த்தாள்.

பவளாயி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அது என்ன என்று அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் பாம்பு என்றால் தலை எங்கே என்று கேட்டாள். ஒரு பாம்புக்குத் தலை முறிந்திருக்கலாம். ஓடையில் இறங்கித் தேடினால் அதேபோல இன்னும் நிறைய அகப்பட்டன. சிறிதும் பெரிதுமாக, உள்ளங்கைக்குள் அடங்குவதிலிருந்து வண்டிச் சக்கரத்தின் குடம் அளவு வரைக்கும் இருந்தன. ஒன்றிலும் தலை இல்லை. அதற்காகக் கொம்பு என்றும் ஒத்துக்கொள்ள முடியாது, ஒரு கிடாய்க்கு இத்தனை சின்னதாகக் கொம்பு இருக்குமா என்றாள். தெரியாதவற்றை ஒரு பக்கமாகத் தனியே வைக்கலாம் என்று மருதையின் மேல்துண்டை வாங்கித் தரையில் விரித்தாள்.

அப்படி விரித்துவிட்டு நிமிர்கையில்தான் அவள் காலடியில் அது கிடந்தது. முரட்டு ஓடு, நெளிந்த விளிம்பு, மடிப்பு மடிப்பாக அடுக்கு. பவளாயி குனிந்து எடுத்தாள். சிறுபிள்ளையாக இருந்தபோது உப்பங்கழியில் கால் வைத்தால் காலைக் கிழிக்குமே, அதே சிப்பி. கனம்தான் வேறு. கல்லாகக் கனத்தது.

"ஏங்க, இங்க வாங்க" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "இது எங்க ஊருச் சிப்பி."

மருதை சிரித்தான். ஆடு மேய்கிற மேட்டில் கடல் சிப்பி எப்படி வரும், எவனோ எப்போதோ கொண்டுவந்து போட்டிருப்பான் என்றான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடைக்குள் இறங்கிவிட்டாள். வந்ததும் சோற்றுக் கலயத்துக்குப் பக்கத்தில் சோர்ந்து நின்றவள் அவள்தானா என்று மருதைக்கே சந்தேகம் வந்தது.

அடுத்து அவளுக்குக் கிடைத்தது ஒரு பல். முக்கோணமாக, பளபளவென்று, ஓரத்தில் அரம் போட்ட மாதிரி கூர். சுறாவின் பல்லைத் தெரியாமல் கடலோரத்தில் ஒருத்தி வளர முடியாது. கூவிக்கூவி எல்லாருக்கும் காட்டினாள். பிறகு இன்னொரு சிப்பி கிடைத்தது. அதன் முதுகில் மெல்லிய வெள்ளைக் குழாய்கள் வளைந்து வளைந்து ஒட்டியிருந்தன. அதைத்தான் அவள் கணவன் கையில் கொண்டுபோய் வைத்தாள். கடலில் ஒரு புழு இருக்கிறது, சிப்பியின் மேலேயே தனக்கொரு குழாய் வீடு கட்டிக்கொள்ளும், இது அந்த வீடு என்றாள். யாரோ சிப்பியைக் கொண்டுவந்து போட்டதாகவே இருக்கட்டும், புழுவையும் அதன் வீட்டையும் எவனாவது மெனக்கெட்டுக் கொண்டுவருவானா?

மருதைக்குச் சிரிப்பு நின்றது. அந்தக் குழாயை விரலால் தடவித் தடவிப் பார்த்தான்.

அருகே ஒரு மேட்டில் செம்மூக்கி நின்று இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பவளாயி அதனிடம் போய், இதையெல்லாம் இங்கே கொண்டுவந்து போட்டது யார் என்று கேட்டாள். யாரும் போடவில்லை என்றது பறவை. ஒவ்வொரு மழைக்கும் மண்ணுக்குள்ளிருந்து அதுவாக வெளியே வருகிறது, ஓடை ஆழமாக ஆழமாக இன்னும் வருகிறது. குளிர்காலத்தில் கடற்கரையிலிருந்து வரும் உள்ளான் பறவைகள் இந்தக் கற்களைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு, எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிப் போகும். அதற்கு மேல் தனக்குத் தெரியாது என்றது. பெரிய ஓடையின் கரையை மட்டும் பார்த்துவிட்டு வரச் சொன்னது. போகிற வழியில் வலதுபக்கக் குழியில் தன் முட்டைகள் இருக்கின்றன, சுற்றிப் போகவேண்டும் என்று வழக்கம்போலச் சொன்னது.

"சரி சரி" என்றாள் பவளாயி. அவள் காதில் விழுந்தது பெரிய ஓடை என்ற சொல் மட்டும்தான். செம்மூக்கி வெயிலுக்குத் தொண்டை நனைக்க மேற்கே குளத்துக்குப் பறந்துபோனது.

பெரிய ஓடையின் கரைச் சுவரைப் பார்த்ததும் நாலு பேரும் நின்றுவிட்டார்கள். ஆள் உயரத்துக்கு மண். அந்த மண்ணின் நடுவே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே பட்டையாகச் சிப்பிகள். ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, வாய் மூடியும் திறந்தும், கடலடியில் எப்படி இருக்குமோ அப்படியே. பவளாயி சுவரில் இரண்டு கைகளையும் வைத்து, கன்னத்தையும் வைத்தாள். பிறகு நாக்கால் தொட்டுப் பார்த்தாள். உப்புக் கரிக்கவில்லை. நாக்குக் கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"தைலி, இங்க பாரு. இதுதான் கடல். நாம கடலுக்குள்ள நிக்கிறோம்."

தைலி தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள், தண்ணீர் எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்கிறவள்போல. கொளஞ்சி நீச்சலடிப்பதுபோலக் கையை வீசிக்கொண்டு ஓடையில் ஓடினான். இத்தனை நேரம் நம்பாமல் இருந்த மருதைதான் இப்போது எல்லாரையும்விட அதிகமாகக் கூச்சல் போட்டான். இங்கே வா, அங்கே பார், இது என்ன சொல்லு என்று மனைவியை இழுத்துக்கொண்டு அலைந்தான். இது மட்டி. இது சங்கின் நுனி. இது வேறு எதுவோ. விரல் நீளத்துக்கு ஒருபக்கம் கூராக நிறையக் கல் கிடந்தது. ஈட்டிமுனை என்று அவன் சத்தியம் செய்தான். அவள் நம்பவில்லை, ஆனால் வேறொன்று சொல்லவும் தெரியவில்லை. அது தெரியாதவற்றின் பக்கம் போனது. தைலி கண்ணாடியாக மின்னும் வில்லைகளை அள்ளிவந்து மீன் செதில் என்றாள். பவளாயி அதை நகத்தால் உரித்தாள். ஏடு ஏடாக உரிந்துகொண்டே போனது. செதில் என்றால் வேர் இருக்கும், வளர்ந்த வரிகள் இருக்கும், இது வெறும் கல்லேதான் என்று தூரப் போட்டாள். பிள்ளை முகம் வாடியது. அடுத்த நிமிஷமே வேறொன்றைத் தேடி ஓடினாள்.

சோறு யாருக்கும் நினைவில்லை.

உச்சிவெயில் சாய்கிற நேரம் கொளஞ்சி ஒரு வெள்ளைக் கல் உருண்டையை உருட்டிக்கொண்டு வந்தான். முட்டை பருமன். மேலே மண் அப்பியிருந்தது. பவளாயி எச்சில் தொட்டுத் தேய்த்தாள். உச்சியில் ஐந்து இதழாக ஒரு பூ விரிந்தது, யாரோ ஊசியால் புள்ளி குத்தி வரைந்த மாதிரி.

அவள் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அதன் கதையை மூச்சு வாங்கச் சொன்னாள். உயிரோடு இருக்கும்போது உடம்பெல்லாம் முள்ளாக, கடலடியில் ஊர்ந்துபோகிற உருண்டை அது. செத்தால் முள்ளெல்லாம் உதிர்ந்துபோய் ஓடு மட்டும் கரையில் ஒதுங்கும். அதன் தலையில் இந்தப் பூ இருக்கும். அவளும் அவள் அண்ணனும் அலையோரம் ஓடி ஓடிப் பொறுக்குவார்கள். கை பட்டால் நொறுங்கிவிடும். ஒன்றையாவது முழுசாக வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. இங்கே கல்லாகி, கீழே போட்டாலும் உடையாமல் கிடக்கிறது.

"வெள்ளையா உருண்டையா எது கெடந்தாலும் விடாதீங்க, அள்ளிக்கிட்டு வாங்க" என்றாள்.

அந்த வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னாள். சொன்னதோடு முதலில் ஓடியவளும் அவள்தான். குனிந்த தலை நிமிராமல் மடியில் வாரி வாரிப் போட்டாள். திரும்பி வரும் வழியில் ஒரு குழிக்குள் நாலு வெள்ளை உருண்டைகள் ஒன்றாகக் கிடந்தன. வெயிலில் எல்லாக் கல்லும் சுட்டதுபோல அவையும் சுட்டன. இரண்டு கைகளாலும் ஒரே வாரில் அள்ளி, மடியில் கிடந்த மற்றவற்றின் மேலேயே போட்டுக்கொண்டாள். கை எடுத்தது, கண் பார்க்கவில்லை. வண்டிக்கு வந்து வைக்கோல் பரப்பிய கூடையில் எல்லாவற்றையும் மெதுவாகச் சரித்துவிட்டு, மறுபடி ஓடினாள்.

பொழுது இறங்க ஆரம்பித்ததும் மருதை வண்டியைப் பூட்டினான். இருட்டுவதற்குள் ஆற்றைக் கடக்க வேண்டும். கரைக்கு வந்ததும் பசி தெரிந்தது. வண்டியை நிறுத்தி, மணலில் உட்கார்ந்து புளிச்சோற்றை அள்ளி அள்ளித் தின்றார்கள். தின்கிறபோதும் பேச்சு அதுதான். ஊரில் யார் யாரிடம் காட்டுவது, யார் நம்புவார்கள், யார் நம்பமாட்டார்கள் என்று பட்டியல் போட்டார்கள்.

கொளஞ்சிக்கு உருண்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கூடையிலிருந்து பூ போட்டது ஒன்றை எடுத்து ஒரு பாறைமேல் வைத்து, கல்லால் ஒரு போடு போட்டான். அது இரண்டாகப் பிளந்தது. உள்ளே தேன் நிறத்தில் கற்கண்டு கற்கண்டாக மின்னியது. நாலு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். இன்னொன்று உடை என்றான் மருதை. அதற்குள் வெள்ளையாக மின்னியது. அடுத்தது என்ன நிறமாக இருக்கும் என்று தெரியாமல் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. கொளஞ்சி கூடைக்குள் கையைவிட்டு மேலாக இருந்ததை எடுத்தான், பாறைமேல் வைத்தான், கல்லை ஓங்கினான்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. வடக்கே மேட்டுப் பக்கமிருந்து, இதுவரை யாரும் கேட்டிராத குரல். ஆகாயத்தைக் கீறிக்கொண்டு வந்தது.

"எடுத்தியா? எடுத்தியா? எடுத்தியா?"

சொல்லியாயிற்றே என்று வெயில் தாழும்வரை குளக்கரையிலேயே இருந்துவிட்ட செம்மூக்கி, திரும்பி வந்து வெறுங்குழியைப் பார்த்திருந்தது. மேட்டில் மேய்ந்த ஆட்டிடம் கேட்டது, நரியிடம் கேட்டது. எல்லாரும் வண்டித் தடத்தைக் காட்டினார்கள். வாழ்நாளில் குரல் உயர்த்தாத பறவை, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு தடத்தின் மேலேயே பறந்து வந்தது.

அந்தச் சத்தம் காதில் விழுந்த கணத்தில்தான், காலையில் பறவை சொன்னதெல்லாம் பவளாயிக்கு ஒட்டுமொத்தமாகக் கேட்டது. வலதுபக்கக் குழி. சுற்றிப் போகவேண்டும். கொளஞ்சியின் கை இறங்கிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்ல நேரமில்லை. அவள் பாய்ந்து, பாறைமேல் இருந்ததைத் தன் கையால் கவிழ்த்து மூடினாள். கல் அவள் விரல்களின் மேல் இறங்கியது.

கொளஞ்சி கல்லை விசிறிப் போட்டுவிட்டு, "அண்ணி" என்று அலறினான். அவள் கையை எடுக்கவில்லை. மெல்ல மெல்லத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளை ஓடு விரிசல் இல்லாமல் இருந்தது. அதில் பூ இல்லை.

செம்மூக்கி அவர்கள் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. மருதை கூடையைக் கவிழ்க்கப் போனான். பவளாயி தடுத்தாள். ஒன்றோடொன்று மோதினால் உடைந்துபோகும், ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அவளுடைய வலது விரல்கள் வீங்கிக்கொண்டு வந்தன, கனம் லேசு ஒன்றும் தெரியவில்லை. மருதைதான் எடுத்தான். அவள் பக்கத்தில் இருந்து பார்த்தாள். இதில் பூ இருக்கிறது, கனக்கிறது, கல். இதுவும் கல். இதில் பூ இல்லை. இலவம்பஞ்சு மாதிரி லேசாயிருக்கு என்றான் மருதை. அது அவள் மடிக்குப் போனது. மேலும் கல், மேலும் கல். பிறகு இன்னொரு முட்டை. கூடை காலியாயிற்று. பாறைமேல் இருந்ததோடு சேர்த்து மடியில் மூன்றுதான் இருந்தன.

பறவை கத்துவதை நிறுத்திவிட்டுக் கீழே வந்து நின்றது. அதன் பார்வை உடைந்து கிடந்த சில்லுகளின் மேல் இருந்தது. கொளஞ்சி முகம் வெளுத்துப்போய்ச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பார்த்தான். தேன் நிறக் கற்கண்டு, வெள்ளைக் கற்கண்டு. ஈரம் எதிலும் இல்லை. வைக்கோலை உதறினார்கள். வண்டிக்கு அடியில் தேடினார்கள்.

தைலி மட்டும் தேடவில்லை. வண்டிச் சக்கரத்தின் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பவளாயி போய் முன்னால் மண்டியிட்டாள். பிள்ளை பாவாடை மடிப்புக்குள் இரண்டு கைகளையும் பொத்தி வைத்திருந்தது.

"தைலி, உன்கிட்ட ஒண்ணு இருக்கா?"

"குடுக்கமாட்டேன்" என்றாள் தைலி. உதடு பிதுங்கியது. "இதுல கடல் சத்தம் கேக்குதும்மா."

பவளாயி மெதுவாகத் தலையைச் சாய்த்து மகளின் கைகளுக்குள் காதை வைத்தாள். டக். டக் டக். சின்னஞ்சிறு நகம் ஒன்று கதவைத் தட்டுவதுபோல, உள்ளேயிருந்து தட்டிக்கொண்டிருந்தது ஓர் உயிர். கேட்பது கடல் அல்ல, வெளியே வர அவசரப்படுகிற ஒரு குஞ்சு என்று சொன்னாள். தைலி நம்பாமல் மறுபடி காதில் வைத்துப் பார்த்தாள். கண்கள் அகன்றன. தானாகவே இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டுபோய்ப் பறவையின் முன்னால் காட்டினாள்.

பறவையால் முட்டையைத் தூக்கிக்கொண்டு பறக்க முடியாது. சூரியன் பனைமரத்து உயரத்துக்கு வந்திருந்தது. மருதை வண்டியை வடக்கே திருப்பினான். பவளாயி வண்டியில் ஏறவில்லை. வண்டி குலுங்கும். நாலு முட்டைகளையும் மடியில் கட்டி, நல்ல கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, வயிற்றுச் சூட்டோடு வைத்தபடி நடந்தாள். செம்மூக்கி முன்னால் தாழப் பறந்து வழி காட்டியது. பாதி வழியில் மடிக்குள் ஏதோ அசைந்தது. எட்டிப் பார்த்தால், ஓட்டில் ஒரு பொத்தல், பொத்தலில் அரிசி முனை அளவுக்கு மூக்கு. அவள் நடையை எட்டிப் போட்டாள். பின்னால் கொளஞ்சியும் தைலியும், வந்துடுச்சா, வந்துடுச்சா என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்தார்கள்.

குழியில் முட்டைகளை வைத்ததும் பறவை சிறகை விரித்து அதன்மேல் அமர்ந்தது. அடியிலிருந்து கீச்சென்று ஒரு குரல் வந்த பிறகுதான் தலையைத் தூக்கிப் பவளாயியைப் பார்த்தது.

"நான் சொல்லிட்டுத்தானே போனேன்?"

"சொன்னே. நான் கேட்கலை" என்றாள் பவளாயி. "கடலைப் பார்த்த சந்தோஷத்துல என் காது அடைச்சுப்போச்சு."

"இத்தனை கல்லு கெடக்கிற எடத்துல இதை மட்டும் ஏன் எடுத்தே?"

"வெள்ளையா இருந்துச்சு. அழகா இருந்துச்சு."

செம்மூக்கி சுற்றிலும் பார்த்தது. நாலு பேர் பகல் முழுக்கப் பொறுக்கிய ஓடை அது. பல் போயிருந்தது, சிப்பி போயிருந்தது, சுருள்கல் போயிருந்தது, மின்னுவது எல்லாம் போயிருந்தது. மண் நிறத்தில், கறுப்புத் திட்டுத் திட்டாக, எதற்கும் உதவாத கற்கள் மட்டும் இருந்த இடத்திலேயே கிடந்தன. அவற்றுக்காக ஒருவரும் குனியவில்லை. பறவை அவற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் தாய் வாய்திறந்து கேட்டால் மண் கொடுக்கும். செம்மூக்கி மண்ணிடம் கேட்டது. இனி என் முட்டைக்கு வெள்ளை வேண்டாம், எந்தக் கல்லை யாரும் எடுப்பதில்லையோ அந்தக் கல்லின் நிறத்தைக் கொடு என்றது. மண் கொடுத்தது.

பவளாயி மன்னிப்புக் கேட்டாள். அதற்குப் பறவை கோபமாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் பேச்சை நிறுத்திக்கொண்டது. மனிதனுக்கு ஒரு தடவை சொன்னால் கேட்காது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. சொல்லிப் பயனில்லாத இடத்தில் எதற்கு நிறையச் சொல்? மனிதர்களுக்காக ஒரே ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மறந்துபோனது.

மாட்டின் குளம்புப் புண் ஆறியதும் மருதை எல்லாரையும் கடலுக்குக் கூட்டிப்போனான். பவளாயியின் விரல் ஒன்று கோணலாகவே சேர்ந்திருந்தது. கற்களை அண்ணனின் முன்னால் பரப்பிக் காட்டினாள். பல்லையும் சிப்பியையும் அவர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார். விரல் நீளக் கூர்க்கல்லைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சுருள்கல்லை மட்டும் கரையில் இருந்த ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் காட்டினார். வலை போடுகிற கிழவர்கள்கூட இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்றார்கள். இந்தக் கடலில் இப்போது இல்லாத ஏதோ ஒன்று அந்தக் கடலில் இருந்திருக்கிறது என்று அறிந்து, இரவெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். தைலி அலைக்குள் நின்றுகொண்டு வீட்டுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

செம்மூக்கி என்ற பெயர் நாளடைவில் மறைந்துபோயிற்று. ஆள் வருவதைக் கத்திக் காட்டிக்கொடுக்கும் பறவைக்கு ஆள்காட்டி என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்த ஒரு நாளுக்குப் பிறகுதான், ஆள்காட்டியின் முட்டை மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகளோடு, பக்கத்தில் கிடக்கும் கல்லிலிருந்து பிரித்தறிய முடியாதபடி ஆனது. வெட்டவெளியில் யார் கால் வைத்தாலும், கையில் ஒன்றும் இல்லாதவராகவே இருந்தாலும், அது தலைக்குமேல் எழும்பி வட்டமிட்டு இன்றுவரை கேட்டுக்கொண்டே இருக்கிறது: எடுத்தியா? எடுத்தியா?